இரண்டாம் மாடிவரை எட்டிய பாட்டு

பாட்டு வாத்தியார் என்றால் அந்தக் கிறிஸ்தவச் சபையில் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் முப்பத்தோராண்டுகள் அவர் கற்பித்தது கணக்கு. ஆனாலும் ஓய்வு பெற்ற நாள்வரை ஒருவரும் அவரைக் கணக்கு வாத்தியார் என்று அழைத்ததில்லை. ஞாயிறுதோறும் பாடகர் குழுவின் முன்னே இரு கைகளையும் விரித்து நின்ற அந்த ஒல்லி உருவமே எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. அடிக்குரலில் பாடிய தச்சருக்கு ‘இடி’ என்று பெயர் சூட்டியவரும் அவரே. இடி இடிக்கும்போதெல்லாம் தச்சர் வானத்தை அண்ணாந்து பார்த்து, தம்பி தொடங்கிவிட்டான் என்பார். குழு முழுதும் சிரிக்கும். வாத்தியார் மட்டும் சிரிக்காமல் அடுத்த அடிக்குக் கையெடுப்பார்.

அந்தச் சபையில்தான் கருவறைக் காவல் இயக்கம் பிறந்தது. மூப்பர்களுள் ஒருவரான வக்கீல் அதன் தலைவர். கருவைக் கலைப்பதை எக்காரணம் கொண்டும் தடுக்கும் மசோதா ஒன்றை அவரே எழுதியிருந்தார். வரப்போகும் தேர்தலில் எந்த வேட்பாளர் அந்த மசோதாவுக்கு வாக்குறுதி தருகிறாரோ அவருக்கே சபையார் வாக்களிப்பது என்றும், தேர்தலுக்கு முந்தைய நாற்பது நாளும் அரசு மகப்பேறு மருத்துவமனையின் வாயிலில் நின்று வேண்டுவது என்றும் முடிவாயிற்று. வாத்தியார் யாருடைய வற்புறுத்தலுக்கும் இணங்கிச் சேர்ந்தவர் அல்லர். உயிரைத் தருபவனுக்கே அதை எடுக்கும் உரிமை என்று மனமார நம்பிச் சேர்ந்தார். அந்த நம்பிக்கையில் கள்ளம் இல்லை.

வாயிலில் முழக்கமிட வேண்டும் என்றார் வக்கீல். வாத்தியார் ஒப்பவில்லை. நடுங்கிக்கொண்டு வரும் பெண்ணை நோக்கிக் கூச்சலிடுவது கிறிஸ்தவம் ஆகாது, பாடினால் போதும், பாட்டு யாரையும் அடிக்காது என்றார். அப்படியானால் நீங்களே ஒன்று எழுதித் தாருங்கள் என்றார் வக்கீல்.

பாட்டுக் கட்டுவதில் வாத்தியாருக்கு ஒரு முறை உண்டு. மெட்டு முதலில், சொல் பிறகு. கேட்டவர் வீடு போய்ச் சேர்வதற்குள் வாயில் வந்து உட்காராத மெட்டு மெட்டே அன்று என்பார். மூன்று நாள் வீட்டுக் கூடத்தில் நடந்து நடந்து பார்த்தார். எதுவும் அமையவில்லை. நான்காம் நாள் அவரிடமே இருந்த பழைய மெட்டு ஒன்று எழுந்து வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், பிள்ளை பெற்ற மனைவி காய்ச்சலில் கிடக்க, வயிற்றுவலியால் வீறிட்ட பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முணுமுணுத்த தாலாட்டு அது. எங்கும் எழுதி வைத்ததில்லை. அவர் மகள் உறங்கியது அந்த மெட்டில்தான். பேசக் கற்குமுன் அதை அவள் இழுத்துப் பாடினாள். பிறவாத குழந்தை தன் தாயிடம் பேசுவதாகச் சொற்களை அமைத்தார்.

கண்திறக்கும் முன்னமே என் கதைமுடிக்க லாகுமோ?
மண்திறக்கும் முன்னமே உன் மடிதிறக்க லாகாதோ?

வக்கீல் கண் கலங்கினார். அடுத்த ஞாயிறு ஆராதனையில், அந்தச் சபையின் வழக்கப்படி, பாட்டை எழுதிய தாளைப் பீடத்தில் வைத்துக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தார்கள். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். அன்று மாலைக்குள் பாதிச் சபை அதை முணுமுணுத்தது.

வாயிலில் நிற்பதற்கும் வாத்தியாரே ஒழுங்கு வகுத்தார். பாடகர்கள் மூன்று வரிசையாக வாயிலைப் பார்த்து நிற்பார்கள். அவர் வாயிலுக்கு முதுகு காட்டி அவர்களைப் பார்த்து நிற்பார். பெண் ஒருத்தி உள்ளே நுழைந்தால், எந்த அடியில் இருந்தாலும் அதை விட்டுப் பல்லவிக்குத் திரும்பிக் குரலை உயர்த்த வேண்டும். அவருக்குப் பின்புறம் தெரியாதாகையால் முதல் வரிசையில் நின்ற தையற்காரம்மா தலையசைத்துச் சொல்வார். பிள்ளை பெற வருபவள் யார், கலைக்க வருபவள் யார் என்று நெற்றியில் எழுதியிருக்கவில்லை. ஆகையால் எல்லோருக்கும் பாடினார்கள்.

பதினேழாம் நாள் காலை வாடகைக் கார் ஒன்று வந்து நிற்கும் ஓசை அவர் முதுகுக்குப் பின்னே கேட்டது. கதவு திறந்தது. தையற்காரம்மாவின் கண்கள் அகன்றன. தலை அசையவில்லை. மூன்றாம் வரிசையில் தச்சரின் குரல் சட்டென்று தாழ்ந்தது. யாரோ ஒரு பெண் நுழைகிறாள் என்பது வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. பாதி மாதத்திலேயே இவர்கள் தளர்ந்துவிட்டார்களே என்று சினந்து, தாமே இரு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார். குழுவின் பல்லாண்டுப் பழக்கம் அந்தக் கைகளுக்குக் கட்டுப்பட்டது. பல்லவி எழுந்தது.

அன்று மாலை வீடு திரும்பியபோது மனைவி முற்றத்தில் நின்றிருந்தாள். மகளுக்குக் குழந்தை தங்கவில்லை என்றாள். ஆறாண்டு காத்திருந்து வந்த கரு, ஐந்து மாதம். சபையில் நன்றி ஜெபம்கூட ஏறெடுத்தாயிற்று. வாத்தியார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உடனே போய்ப் பார்க்க எழுந்தவரை மனைவி தடுத்தாள். அவள் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை, சில நாள் போகட்டும் என்றாள். அடக்கத்துக்குப் போதகரை அழைக்க வேண்டாமா என்று கேட்டார். எல்லாம் ஆயிற்று என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள்.

துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவர் அதை வாயிலுக்கே கொண்டுபோனார். தம் பேரக்குழந்தையின் நினைவாக இனி பொழுது சாய்ந்த பிறகும் நிற்பதாக நேர்ந்துகொண்டார். வக்கீல் அவர் தோளை அணைத்துக்கொண்டு அழுதார். அது நடிப்பன்று. பிறகு கூடியிருந்தவர்களிடம், வேண்டி வேண்டிப் பெற்றதைக் கர்த்தர் எடுத்துக்கொண்டும் முறுமுறுக்காமல் நிற்கும் இந்த மனிதரைப் பாருங்கள், உள்ளே தாமாகவே தூக்கி எறிகிறவர்களையும் பாருங்கள் என்றார். வாத்தியார் தலைகுனிந்து நின்றார். தையற்காரம்மா அன்று தலைவலி என்று சொல்லிப் பாதியில் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பொறுக்கமாட்டாமல், மனைவியிடமும் சொல்லாமல், மகள் வீட்டுக்குப் போனார். மருமகன் கதவைத் திறந்தான். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழில் அவனுக்கு. எப்போதும் மாமா என்று சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொள்பவன் அன்று வழியை மட்டும் விட்டான். மகள் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. உக்காருங்கப்பா என்றாள். விருந்தாளியிடம் சொல்வதுபோல் இருந்தது.

கர்த்தர் கொடுத்தார் என்று அவர் தொடங்கினார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அம்மா என்ன சொன்னாங்க உங்ககிட்ட?”

“பிள்ள தங்கலன்னு சொன்னா.”

“தங்காம போகலப்பா. அவ தங்கத்தான் பாத்தா. பொண்ணு. பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு நாள் வீட்லயே ஜெபம் பண்ணிக்கிட்டுக் கிடந்தேன். காய்ச்சல் நூத்தி நாலு ஆனப்பறம்தான் இவர் தூக்கிட்டுப் போனார். அப்பவும் அவளுக்கு நெஞ்சு துடிச்சிட்டுதான் இருந்துச்சு. எனக்கு உடம்பு முழுக்க விஷம் ஏறிடுச்சு, இப்பவே பிள்ளைய வெளிய எடுக்கலன்னா ரெண்டு பேரும் இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எடுத்தா அவ பிழைக்க மாட்டான்னும் சொன்னாங்க. வலி வர மருந்து போட்டாங்க. கையெழுத்துப் போட்டது நான்தான்.”

எந்த மருத்துவமனை என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

“கார விட்டு இறங்கறப்போ உங்க முதுகத்தான் பாத்தேன். கூப்பிட நெனச்சேன். குரல் வரல. நீங்க கையத் தூக்குனீங்க.”

மருமகன் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டான். அவள் தாழ்ந்த குரலில் மேலும் சொன்னாள். இரண்டாம் மாடியில் வாயிலைப் பார்த்த அறை. சன்னலைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சினாள், கொக்கி உடைந்திருந்தது. செவிலி ஒரு போர்வையை மடித்துச் செருகினாள், அதுவும் நிற்கவில்லை. ஆறு மணி நேரம். பெண்கள் நுழையும்தோறும் பல்லவி. குழந்தை பிறந்து ஏழு நிமிடம் மூச்சு விட்டது. அந்த ஏழு நிமிடத்தில் நான்கு முறை பல்லவி.

“வேற மெட்டே கெடைக்கலையாப்பா உங்களுக்கு? என்னத் தோள்ல போட்டுத் தூங்க வெச்ச மெட்டு. அவளுக்கும் அதத்தான் பாடணும்னு இருந்தேன். வயித்துல கைய வெச்சுப் பாடிக்கிட்டும் இருந்தேன். அவளுக்குத் தெரிஞ்ச பாட்டு அது ஒன்னுதான். அதுல அவ என்னக் கொலகாரின்னு சொல்றதக் கேட்டுட்டுப் போனா.”

அவர் தரையில் அமர்ந்து மகளின் கால்களைத் தொடப் போனார். அவள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“நீங்க நம்புறத விடுங்கன்னு நான் கேக்கல. நானும் அதே சபையில வளந்தவதான். அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். இந்தத் தெருவுல பிள்ளைங்ககூட அதப் பாடிட்டு ஓடுதுங்க. அத நிறுத்துங்க. நிறுத்திட்டு வாங்க, நான் கதவத் தெறக்குறேன். யார்கிட்டயும் ஏன்னு மட்டும் சொல்லக் கூடாது. என் பிள்ளையப் பத்தி ஒருத்தரும் மேடையில பேசக் கூடாது.”

வீட்டுக்கு வந்ததும், தம்மிடம் ஏன் மறைத்தாய் என்று மனைவியைக் கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“சொல்லியிருந்தா மறுநாள் அந்த வாசல்ல நின்னிருப்பீங்களா, நின்னிருக்க மாட்டீங்களா? அந்தப் பதில் எனக்குத் தெரிய வேண்டாம்னு இருந்துச்சு.”

மறுநாள் காலையே வக்கீல் வீட்டுக்குப் போனார். பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்றார். வக்கீல் முதலில் அதை அடக்கம் என்று எண்ணிச் சிரித்தார். இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பேசினார். பாட்டை ஒலிப்பதிவு செய்து வேட்பாளரின் பிரசார வண்டிகளுக்குக் கொடுத்தாயிற்று, வேறு ஊர்ச் சபைகளுக்கும் போய்விட்டது, மசோதாவின் முகமே இப்போது அந்தப் பாட்டுத்தான் என்றார். எழுதியவன் நான் அல்லவா என்றார் வாத்தியார்.

“பீடத்துல வெச்சதத் திரும்ப எடுக்குறது உண்டா வாத்தியாரே? அது உங்க பாட்டு இல்ல இப்போ. சரி, காரணத்தச் சொல்லுங்க. நியாயமா இருந்தா இன்னைக்கே சபையில சொல்லி நிறுத்துறேன்.”

காரணத்தைச் சொல்ல மகள் தடுத்திருந்தாள். அதற்குப் பதிலாக வாத்தியார் சுற்றி வளைத்து ஒன்று கேட்டார். பனிக்குடம் உடைந்து தாய்க்கு நஞ்சேறி, குழந்தையின் நெஞ்சும் துடித்துக்கொண்டிருந்தால் மசோதா என்ன சொல்கிறது என்றார். வக்கீல் நேர்மையானவர். மழுப்பவில்லை. துடிப்பு நிற்கும்வரை தொடக்கூடாது என்பதே சட்டம், ஒரு விலக்கு வைத்தால் அதன் வழியே எல்லோரும் புகுந்துவிடுவார்கள் என்றார். அப்படி நேர்வது லட்சத்தில் ஒன்று என்றும் சொன்னார். கணக்குக் கற்பித்த மனிதர் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் சொன்னால் வக்கீல் உருகிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். உருகியவர், மன்னிக்கப்பட்ட சகோதரி என்று மகளை மேடைக்கு அழைப்பார் என்பதும் தெரியும். எழுந்து வணங்கிவிட்டு வந்தார்.

அன்று வாயிலில், பாடகர்களிடம் பழைய துதிப்பாடல் ஒன்றை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். இரண்டாம் சரணத்தில் பெண் ஒருத்தி நுழைய, தையற்காரம்மா பழக்கத்தால் தலையசைத்துவிட்டார். மூன்று வரிசையும் ஒருமிக்க அந்தப் பாட்டின் பல்லவிக்குத் திரும்பியது. வாத்தியார் கைகளைத் தொங்கவிட்டார். பாட்டு நிற்கவில்லை. உள்ளங்கையை விரித்துத் தடுத்தார். எங்கோ குரல் தவறுகிறது போலும் என்று எண்ணி இன்னும் சுதி சேர்த்துப் பாடினார்கள். தச்சர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்குரல் கொடுத்தார். அதைவிடச் செம்மையாக அந்தக் குழு என்றும் பாடியதில்லை.

முடிந்ததும் தையற்காரம்மா ஒதுக்குப்புறமாக வந்து நின்றார்.

“அண்ணே, அன்னைக்கு நான் தலையாட்டல. உங்க பொண்ணு தடுமாறி இறங்கறதப் பாத்தேன். உங்ககிட்டச் சொல்றதுக்குள்ள நீங்க கையத் தூக்கிட்டீங்க. நீங்க கையத் தூக்கினா வாய் தானா தொறந்துக்குது, என்ன பண்ண?”

வாத்தியார் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். என் நாக்கு அறுந்தாலும் சொல்லமாட்டேன் என்றார் அந்த அம்மாள். மறுநாள்முதல் வாத்தியார் வாயிலுக்குப் போகவில்லை. பாடகர் குழுவையும் விட்டார். அவருக்கு மாரடைப்பு என்று ஒரு பேச்சும், வேட்பாளரிடம் ஏதோ கேட்டுக் கிடைக்காத கோபம் என்று ஒரு பேச்சும் சபையில் உலவின. இரண்டையும் அவர் மறுக்கவில்லை. பாட்டு அவர் இல்லாமலே நடந்தது.

பிரசாரம் முடியும் நாள். நண்பகலுக்குச் சற்றுப் பின், மகள் வீட்டுத் தெரு முனையில் அவர் போய் நின்றார். வண்டி அந்தப் பக்கம் வரும் என்று விசாரித்து வைத்திருந்தார். வேறு எதையும் நிறுத்த அவரால் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். ஜெபிக்க முயன்றார். வாய் திறந்தால் அந்த மெட்டே வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வண்டி வந்தது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கி, பக்கவாட்டில் வேட்பாளரின் கைகூப்பிய படம். அவருடைய குழு அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டு வந்தது. சாலை நடுவில் போய் நின்றார். ஓட்டுநர் தலையை நீட்டி, ஓரமா போங்க பெரியவரே, எங்க ஆளு ஜெயிக்கிறதுக்குள்ள உங்களக் கொன்னுட்டேன்னு பேர் வேணாம் என்றான்.

“இந்தத் தெருவுல மட்டும் பாட்ட நிறுத்திடுங்க தம்பி.”

“எல்லாத் தெருவுலயும் போடணும்னு உத்தரவு. ஏன், யாராச்சும் தவறிட்டாங்களா?”

“ஆமா.”

“யாரு?”

“என் பேத்தி.”

மகள் சொல்லக் கூடாதென்றதில் பாதி வெளியே வந்துவிட்டது. ஓட்டுநர் குனிந்து எதையோ திருகினான். பாட்டு நடுச்சொல்லில் அறுந்தது. வண்டி ஊமையாக அந்தத் தெரு நெடுகவும் உருண்டு போயிற்று. வாத்தியார் அதன் பின்னாலேயே, சவ ஊர்வலத்தில் நடப்பவரைப்போல, மகளின் வீட்டு வாயில்வரை நடந்தார். அங்கே நின்றார். மேல்மாடிச் சன்னலில் மகளின் முகம் தெரிந்தது. அவர் கையை உயர்த்தவில்லை. உயர்த்த அஞ்சினார்.

வண்டி அடுத்த தெருவில் திரும்பியது. கூரைகளுக்கு மேலாக, காற்றோடு, பல்லவி மறுபடி எழுந்து வந்தது. சன்னல் கதவு சாத்தப்பட்டது.

சிறிது நேரம் கழித்து மருமகன் கையில் தண்ணீர்த் தம்ளருடன் இறங்கி வந்தான். வாயிற்கதவைத் திறக்கவில்லை, கம்பிகளுக்கு மேலாக நீட்டினான்.

“வெயில்ல நிக்கிறீங்கன்னு கொடுக்கச் சொன்னா. குடிச்சிட்டுக் கெளம்புங்க மாமா.”

“உள்ள வரச் சொன்னாளா மாப்பிள்ளை?”

அவன் தலையசைத்தான், இல்லை என்று. வாத்தியார் நின்றபடியே தண்ணீரைக் குடித்தார். பாதி மார்பில் சிந்தியது. தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, இத்தனை நாள் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்.

“பாப்பாவுக்குப் பேர் வெச்சீங்களா?”

“வெச்சோம்.”

வாத்தியார் காத்திருந்தார். மருமகன் தம்ளரைக் கையில் வைத்துச் சுழற்றியபடி தரையைப் பார்த்தான். சொல்லத்தான் போகிறான் என்று தோன்றியது. பிறகு அவன் சாத்திய சன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். படியேறி உள்ளே போய்விட்டான்.